இரண்டு சக்கரத்தில் வரும் பொம்பா

வேலை நாளில் விடிந்தும் விடியாத நேரத்தில் ஜொகூர் பாருவில் கடற்பாலத்துக்குப் போகும் சாலையைப் பார்த்திருக்கிறீர்களா? பாலத்தின் நீளம் 1,056 மீட்டர்தான். சும்மா நடந்தால் கால் மணி நேரத்தில் அக்கரை. ஆனால் காரில் போனால் எப்போது போய்ச் சேருவோம் என்று யாராலும் சொல்ல முடியாது. பஸ்ஸில் போகிறவர்கள் பொறுத்துப் பார்த்துவிட்டு, இறங்கி நடக்கவே தொடங்கிவிடுவார்கள். மோட்டார் சைக்கிள்கள் மட்டும் ஆயிரக்கணக்கில், சாரை சாரையாக நகர்ந்துகொண்டே இருக்கும்.

இப்படி ஒரு நெரிசல் நேரத்தில், அந்தப் பக்கத்துக் கடைவீட்டு மாடியில் தீப்பிடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சிவப்பு லாரி சங்கை ஊதிக்கொண்டு வருகிறது. கார்காரர்கள் வழிவிடத் தயார்தான். எங்கே ஒதுங்குவது?

ஓர் அளவுநாடாவை எடுப்போம். பெரிய சாலையில் ஒரு தடம் ஏறத்தாழ 3.5 மீட்டர் அகலம். ஒரு கார் ஏறத்தாழ 1.8 மீட்டர். அடுத்தடுத்த தடங்களில் இரண்டு கார்கள் நட்டநடுவே நின்றால், அவற்றுக்கிடையே 1.7 மீட்டர் இடைவெளி இருக்கும். பக்கவாட்டுக் கண்ணாடிகளைக் கழித்தால் 1.3 மீட்டர் மிஞ்சும். தீயணைப்பு லாரியின் அகலம் 2.5 மீட்டர் அளவில். அது நுழையாது. இருபக்கமும் பெட்டி கட்டிய மோட்டார் சைக்கிள் ஏறத்தாழ ஒரு மீட்டர். அது நுழையும்!

மலேசியத் தீயணைப்பு மீட்புப் படைக்கு நம் வாயில் எப்போதும் பொம்பா என்றுதான் பெயர். அந்தப் பொம்பாவிடம் மோட்டார் சைக்கிள்களும் இருக்கின்றன. நெரிசல் மிகுந்த நகரங்களில் லாரிக்கு முன்னால் ஒருவரோ இருவரோ போய்ச் சேர்வதற்காக. கடற்பாலத்துக்கு அக்கரையில் சிங்கப்பூர்க் குடிமைத் தற்காப்புப் படையும் தீயணைப்பு மோட்டார் சைக்கிள் வைத்திருக்கிறது. தீ என்று அழைப்பு வந்தால் 8 நிமிடத்துக்குள் ஆள் போய்ச் சேர வேண்டும் என்பது அவர்களின் இலக்கு.

சரி, போய்ச் சேர்ந்துவிட்டார். அவரிடம் என்ன இருக்கும்? லாரி ஆயிரக்கணக்கான லிட்டர் தண்ணீர் கொண்டுவரும். மோட்டார் சைக்கிளில் 40 லிட்டர் ஏற்றினாலே பெரிது. உங்கள் குளியலறை வாளிகள் மூன்று நான்கில் அடங்கிவிடும். இவ்வளவு தண்ணீரை வைத்துக்கொண்டு தீயணைப்பு வீரர் என்ன செய்துவிட முடியும்? பெரியவர்களே கேட்டுச் சிரிக்கும் கேள்வி இது. விடை தண்ணீரில் இல்லை, கடிகாரத்தில் இருக்கிறது.

தரையில் விரித்த ஒரு பாயின் நடுவில் தீப்பொறி விழுகிறது. தீ எல்லாப் பக்கமும் ஒரே வேகத்தில் பரவுகிறது என்று கொள்வோம். எரியும் இடம் ஒரு வட்டம். ஒரு நிமிடத்தில் அதன் ஆரம் 10 சென்டிமீட்டர் என்றால், இரண்டு நிமிடத்தில் 20. ஆரம் இரண்டு மடங்கு ஆனால் வட்டத்தின் பரப்பு எத்தனை மடங்கு ஆகும்? நான்கு! மூன்று நிமிடத்தில் ஒன்பது. எரியும் பரப்பு எவ்வளவோ, வெளிவரும் வெப்பமும் அந்த அளவில்தான். ஆகவே தீயின் பலம் நேரத்தின் வர்க்கமாக வளர்கிறது. நேரம் இருமடங்கானால் தீ நான்கு மடங்கு.

தீயைப் பற்றிய பொறியியலில் இதை உண்மையாகவே பயன்படுத்துகிறார்கள். தீ வளர்வதை மெது, நடுத்தரம், வேகம், அதிவேகம் என்று நான்கு வகையாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஏறத்தாழ 1,000 கிலோவாட் பலத்தை எட்ட மெதுவான தீக்கு 600 வினாடி, நடுத்தரத் தீக்கு 300, வேகமான தீக்கு 150, அதிவேகத் தீக்கு 75. ஒவ்வொன்றும் முன்னதில் பாதி, கவனித்தீர்களா? கிலோவாட் என்றால் எவ்வளவு என்று தெரிய வேண்டுமானால், சமையலறையில் தண்ணீர் கொதிக்க வைக்கும் மின்கெட்டிலின் அடியைப் புரட்டிப் பாருங்கள். 2 கிலோவாட் அளவில் எழுதியிருக்கும்.

நடுத்தரத் தீக்கு ஒரு சுலபமான சூத்திரம் தருகிறேன். நிமிடத்தை 5-ஆல் வகுங்கள், வந்ததை அதே எண்ணால் பெருக்குங்கள், பிறகு 1,000-ஆல் பெருக்குங்கள். வருவது கிலோவாட்.

தீ 4 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. நெரிசலில் லாரி மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்கிறது, 12 நிமிடம் ஆகும். மோட்டார் சைக்கிள் மணிக்கு 40, ஆகவே 6 நிமிடம். சூத்திரத்தில் போட்டால், 6 நிமிடத்தில் தீ 1,440 கிலோவாட். 12 நிமிடத்தில் 5,760. மோட்டார் சைக்கிள் வீரரும் லாரியும் போவது ஒரே வீட்டுக்குத்தான், ஆனால் அவர்கள் சந்திப்பது வேறு வேறு தீயை.

இந்த வளர்ச்சி முடிவில்லாமல் போகாது. அறைக்குள் காற்றும் எரிபொருளும் தீரத் தீர அதுவும் நிற்கும். அதற்கு முன்னால் ஒரு மோசமான கட்டம் உண்டு. சூடான புகை மேலே போய்க் கூரையடியில் தேங்கும். அந்தப் புகைப்படலம் 500, 600 டிகிரி செல்சியசை நெருங்கும்போது, அதிலிருந்து இறங்கும் வெப்பக்கதிரிலேயே சோபா, மேசை, திரை எல்லாம் ஏறத்தாழ ஒரே நேரத்தில் பற்றிக்கொள்ளும். ஒரு மூலையில் இருந்த தீ அறை முழுவதும் ஆகிவிடும். அதன் பிறகு 40 லிட்டரைக் கொண்டு ஒன்றும் ஆகாது. மோட்டார் சைக்கிளின் வேலை எல்லாம் அந்தக் கணத்துக்கு முன்னால்.

இனி அந்த 40 லிட்டருக்கு வருவோம்.

30 டிகிரியில் இருக்கும் ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோக ஏறத்தாழ 290 கிலோஜூல் வெப்பம் வேண்டும். கொதிக்கும் அந்தத் தண்ணீரை முழுவதும் ஆவியாக்க? 2,260 கிலோஜூல்! கிட்டத்தட்ட எட்டு மடங்கு. தண்ணீர் தீயிடமிருந்து வெப்பத்தைப் பெரும்பாலும் பிடுங்குவது ஆவியாகும்போதுதான். ஆவியாகாமல் தரையில் ஓடிப்போகும் தண்ணீர் பாதி வேலைகூடச் செய்யாத தண்ணீர். கீழ் வீட்டுக் கூரையை நனைத்ததுதான் மிச்சம்.

40 லிட்டரும் ஒரு சொட்டு வீணாகாமல் ஆவியானால் ஏறத்தாழ 1,02,000 கிலோஜூலை விழுங்கும். ஒரு கிலோவாட் என்பது வினாடிக்கு ஒரு கிலோஜூல். ஆகவே 1,440 கிலோவாட் தீயின் மொத்த வெப்பத்தையும் 70 வினாடி தாங்கும். நிஜத்தில் எதுவும் அவ்வளவு கச்சிதமாக நடக்காது. மூன்றில் ஒரு பங்கு பயன்பட்டாலே நல்ல கைத்திறன். அப்படியும் இருபது வினாடிக்கு மேல் கிடைக்கிறது. சிறிய தீயை மடக்க அது போதலாம். அதே தண்ணீர் 5,760 கிலோவாட் தீக்கு முன்னால் கணக்குப்படியே 18 வினாடிதான். நிஜத்தில் ஆறு.

ஒரு சொட்டும் வீணாகாமல் ஆவியாக்குவது எப்படி? தண்ணீரை உடைக்க வேண்டும்.

ஒரு லிட்டர் தண்ணீர் 10 சென்டிமீட்டர் பக்கமுள்ள கனசதுரத்தில் அடங்கும். ஆறு முகமும் சேர்த்து அதன் மேற்பரப்பு 0.06 சதுர மீட்டர். அதையே ஒரு மில்லிமீட்டர் துளிகளாக உடைத்தால் எல்லாத் துளிகளின் மேற்பரப்பும் சேர்ந்து 6 சதுர மீட்டர். பத்தில் ஒரு மில்லிமீட்டர் துளிகளாக்கினால் 60 சதுர மீட்டர், அதாவது பூப்பந்துத் திடலில் முக்கால் பங்கு. துளிகளின் எண்ணிக்கை 190 கோடியை எட்டும். வெப்பம் மேற்பரப்பின் வழியாகத்தான் உள்ளே போக முடியும். ஆகவே அதே ஒரு லிட்டர், கண்ணிமைக்கும் நேரத்தில் ஆவியாகும். ஆவியானதும் 1,700 மடங்குக்கு அருகில் விரியும். விரிந்த நீராவி அந்த இடத்தில் இருந்த காற்றை விரட்டும். தீக்கு ஆக்சிஜனும் குறையும்.

இதை வீட்டிலேயே, தீ இல்லாமல், பார்க்கலாம். நல்ல வெயிலில் வீட்டு முன்வாசல் சிமெண்டுத் தரை போதும். ஒரே அளவு தண்ணீர் இரண்டு கிண்ணத்தில் எடுங்கள். ஒன்றை ஓரிடத்தில் ஊற்றுங்கள். மற்றதைச் செடிக்குத் தெளிக்கும் புட்டியில் நிரப்பி, அகலமாகத் தெளியுங்கள். எது முதலில் காய்கிறது என்று நேரம் பாருங்கள். மழை பெய்து ஓய்ந்த மறுநாள் இன்னொரு முறை செய்யுங்கள். நேரம் மாறும், ஏன் என்பதை அறிவியல் ஆசிரியரிடம் கேட்டு அவரைக் கொஞ்சம் யோசிக்க வையுங்கள்.

துளி சிறியதாக இருப்பதில் ஒரு சங்கடமும் உண்டு. சின்னத் துளியைக் காற்று உடனே தடுத்து நிறுத்திவிடும். தீயிலிருந்து மேலெழும் சூடான காற்று அதைத் தூக்கி வீசிவிடும். தீயின் அடிவாரத்தைத் தொடுவதற்குள் துளி காணாமல் போகும். இதற்கு ஒரு முரட்டு வழி இருக்கிறது. தண்ணீர்த் துப்பாக்கி! முதுகில் 12 லிட்டர் தண்ணீர், கையில் ஒரு குழல். 25 பார் காற்றழுத்தத்தால் ஒரு லிட்டர் தண்ணீரை ஒரே தள்ளாகத் தள்ளும். உங்கள் அப்பாவின் கார் டயரில் இருப்பது 2 பார் சொச்சம் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். குழலை விட்டு வெளியேறும்போது அந்தத் தண்ணீரின் வேகம் மணிக்கு 400 கிலோமீட்டருக்கும் மேல். அந்த வேகத்தில் காற்றில் மோதித்தான் அது துகள் துகளாகச் சிதறும். சுடுபவரைப் பின்னால் உதைக்கும், ஆகவே காலை ஊன்றி நிற்கப் பழக வேண்டும்.

ஜப்பானில் தோக்கியோ தீயணைப்புத் துறை 1997-இல் தொடங்கிய மோட்டார் சைக்கிள் படை இந்தத் துப்பாக்கியைத்தான் தேர்ந்தெடுத்தது. அதற்கு இரண்டு ஆண்டு முன்பு, 1995 ஜனவரியில், கோபே நகரத்தை நிலநடுக்கம் உலுக்கியிருந்தது. வீடுகள் சரிந்து தெருவை அடைத்தன, தண்ணீர்க் குழாய்கள் உடைந்தன, தீ ஒரு பக்கம் எரிந்துகொண்டே இருந்தது. தோக்கியோவில் மோட்டார் சைக்கிள்கள் இரண்டு இரண்டாகப் போகின்றன. ஒன்றில் தண்ணீர்த் துப்பாக்கி. இன்னொன்றில் இடிபாட்டில் சிக்கியவரை எடுக்கும் கருவிகள். கரடுமுரடான பாதையிலும் ஓடும் வகை வண்டிகள். எனக்கு இந்த ஜோடி முறை ரொம்பப் பிடித்திருக்கிறது. தனியாகப் போகிறவருக்குத் தீயும் ஆபத்து, சாலையும் ஆபத்து.

சிங்கப்பூர்க்காரர்கள் வேறு வழி எடுத்தார்கள். அவர்கள் முதுகில் சுமப்பது நுரை. தண்ணீரோடு சவர்க்காரம் போன்ற ஒரு திரவத்தையும் அழுத்திய காற்றையும் கலந்தால், ஷேவிங் நுரை மாதிரி கெட்டியாக வரும். அந்தத் திரவம் தண்ணீரின் மேற்பரப்பு இழுவிசையைக் குறைப்பதால் நுரை எளிதில் உண்டாகும். கெட்டியாக இருப்பதால், அது சுவரிலும் கதவிலும் வழியாமல் ஒட்டிக்கொள்ளும். எரியும் எண்ணெய் மேல் மிதந்து அதை மூடியும் விடும்.

எண்ணெய் என்றதும் தீபாவளி நினைவுக்கு வருகிறது. முறுக்கு சுடும் வாணலி தீப்பற்றினால் அதில் தண்ணீர் ஊற்றவே கூடாது. தண்ணீர் எண்ணெயைவிடக் கனமானது. அடியில் இறங்கி, அங்கே நொடியில் நீராவியாகி, எரியும் எண்ணெயைக் கூரை வரைக்கும் தூக்கி எறியும். அடுப்பை அணைத்து மூடி போடுவது பெரியவர்கள் வேலை. உங்கள் வேலை வெளியே ஓடிவந்து சத்தம் போடுவது.

இவ்வளவு சாமானையும் ஏற்றிக்கொண்டு ஓட்டுவது எப்படி இருக்கும்? 40 லிட்டர் தண்ணீர் 40 கிலோ. தொட்டி, காற்றுக் குப்பி, குழாய், முதலுதவிப் பை எல்லாம் சேர்த்தால் பின்னால் ஓர் ஆளை உட்கார வைத்த பாரம். ஆனால் ஆள் வளைவில் வண்டியோடு சேர்ந்து சாய்வார். தண்ணீர் அதன் இஷ்டத்துக்கு ஆடும். தொட்டி பாதி காலியாக இருக்கும்போது பிரேக் பிடித்தால் தண்ணீர் முன்னால் பாய்ந்து முட்டும். அதனால் தொட்டிக்குள் ஓட்டை போட்ட தடுப்புகள் வைப்பார்கள். தொட்டிகளை இரு பக்கமும், முடிந்த அளவு தாழ்வாக மாட்டுவார்கள். பாரம் மேலே போகப் போக, வண்டி சாயும்போது நிமிர்த்துவது கஷ்டம். இரண்டு தொட்டியும் ஒரே குழாயில் இணைந்திருந்தால்தான் தண்ணீர் இருபக்கமும் சமமாகக் குறையும்.

மோட்டார் சைக்கிளில் இன்னொரு வேடிக்கை. வேகமாகப் போகும்போது வலப்பக்கம் திரும்ப வேண்டுமானால் கைப்பிடியை முதலில் ஒரு கணம் இடப்பக்கம் திருப்ப வேண்டும்! சக்கரம் இடப்பக்கம் போக, வண்டியின் மேல்பாகம் வலப்பக்கம் சாயும். சாய்ந்த பிறகுதான் வலப்பக்கம் வளையும். உங்கள் அண்ணனிடம் கேட்டால் நான் அப்படிச் செய்வதே இல்லை என்பார். தினமும் செய்கிறார், அவருக்கே தெரியாது. கனமான வண்டி மெதுவாகத்தான் சாயும், ஆகவே தீயணைப்பு வீரர் இதைத் தெரிந்தே செய்யப் பழகுகிறார். சிங்கப்பூரில் முன்னால் இரண்டு சக்கரம் வைத்த மூன்று சக்கர ஸ்கூட்டரைப் பயன்படுத்தினார்கள். அந்த முன்சக்கரங்கள் இரண்டும் சேர்ந்தே சாயும். ஒன்று ஈரத்தில் வழுக்கினாலும் மற்றது பிடித்துக்கொள்ளும்.

ஈரம் நம் ஊரில் சின்ன விஷயமா? பிற்பகலானால் ஜொகூரில் மழை கொட்டும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி, காய்ந்த சாலையில் பிரேக் பிடித்து 20 மீட்டரில் நிற்கும் என்றால், நனைந்த சாலையில் 35 மீட்டர் கேட்கும். கண் பார்த்து, கை பிரேக்கை அழுத்துவதற்குள் ஓடிவிடும் 17 மீட்டரைத் தனியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். மலேசியாவில் சாலை விபத்தில் இறப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் போனவர்கள். காப்பாற்றப் போகிறவர் என்பதற்காகச் சாலை அவருக்குச் சலுகை காட்டாது. நிமிடத்தை மிச்சப்படுத்தும் வண்டிக்கும் வேகவரம்பு வேண்டும் என்பது என் கட்சி.

தீயைவிட அடிக்கடி இந்த வண்டிகள் தேவைப்படும் இடம் ஒன்று இருக்கிறது. அது இதயம். ஒருவரின் இதயம் திடீரென்று நின்றுவிட்டால், மார்பை அழுத்தும் முதலுதவியோ மின்னதிர்ச்சி தரும் ஏஇடி கருவியோ கிடைக்காத ஒவ்வொரு நிமிடத்துக்கும் அவர் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 விழுக்காடு குறைந்துகொண்டே போகும். ஏஇடி ஒரு சின்னப் பெட்டிதான். மோட்டார் சைக்கிளில் தாராளமாக அடங்கும், தொட்டி போல ஆடாது. சிங்கப்பூரின் தீயணைப்பு மோட்டார் சைக்கிளிலும் அது உண்டு. இந்தியாவில் 2015-இல் பெங்களூரில் மோட்டார் சைக்கிள் ஆம்புலன்ஸ் ஓடத் தொடங்கியது, தமிழ்நாட்டிலும் 108 என்ற அவசர ஆம்புலன்ஸ் சேவையில் அது சேர்ந்தது. நோயாளியை அதில் ஏற்றிக்கொண்டு போக முடியாது. பெரிய வண்டி வரும்வரை உயிரைப் பிடித்து வைத்திருப்பதுதான் அதன் வேலை.

மோட்டார் சைக்கிளால் ஆகாத காரியங்கள் ஜொகூரிலேயே நிறைய. பொந்தியான் பக்கம் கரிச்சதுப்பு நிலம். அங்கே தீ மண்ணுக்கடியில் புகைந்துகொண்டே நகரும், நாள்கணக்கில் தண்ணீர் பாய்ச்சி நிலத்தையே ஊறவைக்க வேண்டும். மின்சாரக் காரின் பேட்டரி பற்றிக்கொண்டால் ஆயிரக்கணக்கான லிட்டர் கேட்கும். 2019 மார்ச்சில் பாசிர் கூடாங்கில் கிம் கிம் ஆற்றில் யாரோ இரசாயனக் கழிவைக் கொட்டியதில், 111 பள்ளிகளை மூட வேண்டி வந்தது. அது மாதிரி நச்சுக் காற்றுக்குள் தலைக்கவசத்தோடு ஒருவர் வண்டியில் நுழைந்தால், காப்பாற்ற வேண்டியவர்களில் இன்னும் ஒருவர் கூடுவார். அங்கே உடலை முழுவதும் மூடும் உடையும் சுவாசக் குப்பியும் கொண்ட குழுதான் போக வேண்டும். தீப்பிடித்த வீட்டுக்குள்ளும் தனியாக நுழைவது விதிக்குப் புறம்பு.

அதனால் முதலில் வந்து சேரும் வீரர் பல நேரம் தீயை அணைப்பதே இல்லை! அவர் பார்க்கிறார், பேசுகிறார். எந்த மாடி? உள்ளே ஆள் உண்டா? சன்னலில் இரும்புக் கம்பி இருக்கிறதா, வெட்டும் கருவி வேண்டுமா? தாமான் தெருவில் இருபுறமும் கார் நிற்கிறதா, லாரி எந்தப் பக்கமாக வந்தால் நுழையும்? தண்ணீர் பிடிக்கும் பிலி எங்கே? எல்லாம் வானொலிக் கருவி வழியாகப் பின்னால் வரும் லாரிக்குப் போகும். லாரி தவறான சந்தில் நுழைந்து பின்வாங்குவதில் போகும் மூன்று நிமிடத்தை, தண்ணீரே இல்லாமல் அவர் மீட்டுத் தருகிறார். இரண்டாம் உலகப் போரில், 1940-இல் லண்டன் மீது குண்டு விழுந்து தொலைபேசிக் கம்பிகள் அறுந்தபோது, தீயணைப்புப் படையின் செய்தியைச் சுமந்துகொண்டு எரியும் தெருக்களில் மோட்டார் சைக்கிள் ஓட்டியவர்களில் பெண்களும் இருந்தார்கள். அவர்களிடமும் தண்ணீர் இல்லை.

கடைசியாக ஒன்று. மேலே போட்ட 6 நிமிடக் கணக்கில் கடிகாரம் எங்கே தொடங்கியது என்று கவனித்தீர்களா? வண்டி நிலையத்தை விட்டுக் கிளம்பியபோது. தீயின் கடிகாரமோ முதல் பொறியிலேயே ஓடத் தொடங்கிவிட்டது. புகையை யாரோ கவனிக்க 2 நிமிடம், திகைத்து நின்று அண்டைவீட்டாரைக் கூப்பிட 2 நிமிடம், 999-ஐ அழைத்து இடத்தைப் புரியவைக்க 1 நிமிடம், பிறகுதான் அந்த 6. மொத்தம் 11. சூத்திரத்தில் போட்டால் 4,840 கிலோவாட். கூரையில் புகை எச்சரிக்கைக் கருவி இருந்து, திகைக்காமல் உடனே அழைத்து, 8 நிமிடமாகக் குறைத்திருந்தால் எவ்வளவு? பென்சிலை எடுத்து நீங்களே போடுங்கள்.

அதோடு இதையும் செய்து பாருங்கள். வீட்டு எண், ஜாலான் எண், தாமான் பெயர், ஊர், பக்கத்தில் இருக்கும் கோயிலோ பள்ளியோ கடையோ, இவ்வளவையும் தடுமாறாமல் சொல்ல உங்களுக்கு எத்தனை வினாடி ஆகிறது? வீட்டில் உள்ள மற்றவர்களுக்கும் நேரம் பாருங்கள், தாத்தாவையும் விடாதீர்கள். ஒத்திகைக்கு 999-ஐ அழைத்துவிட வேண்டாம், அம்மாவிடம் சொன்னால் போதும்.